மாரிசன் பாறை அடுக்கு: எலும்பு எங்கே கிடைக்கும், ஏன், எப்படி எடுக்கிறார்கள்

கேள்வி இது: "அமெரிக்காவின் மாரிசன் பாறை அடுக்கில் மட்டும் ஏன் இத்தனை டைனோசர் எலும்பு? அங்கே எங்கே தோண்டினாலும் கிடைக்குமா? கிடைத்தால் உடையாமல் எப்படி எடுக்கிறார்கள்?"

நடுக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கிடைக்காது. மாரிசன் அடுக்கு வடக்கே மொன்டானாவிலிருந்து தெற்கே நியூ மெக்சிகோ வரை ஏறத்தாழ 15 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரவிக் கிடக்கிறது. இந்தியாவின் பரப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அதில் பெரும்பகுதி பிற்காலப் பாறைகளுக்கு அடியில் இருக்கிறது. மலைகள் எழும்பியபோது நிமிர்ந்து வெளியே வந்த விளிம்புகளில்தான் தேடவே முடியும். அங்கேயும் காலையிலிருந்து மாலை வரை நடந்து ஒரு துண்டு எலும்புகூடக் கண்ணில் படாமல் திரும்புவது சாதாரணம். அருங்காட்சியகங்களை நிரப்பிய எலும்புக்கூடுகளில் பெரும்பாலானவை விரல்விட்டு எண்ணக்கூடிய குழிகளிலிருந்து வந்தவை. ஆகவே "மாரிசனில் ஏன் இத்தனை" என்று கேட்பதைவிட "அந்தக் குழிகளில் ஏன் இத்தனை" என்று கேட்டால்தான் உருப்படியான பதில் வரும். பதிலும் குழிக்குக் குழி மாறும்.

முதலில் பாறை. கொலராடோவில் டென்வருக்கு மேற்கே உள்ள மாரிசன் என்ற சிற்றூரின் பெயர் இது. 1877இல் ஆர்தர் லேக்ஸ் என்ற ஆசிரியர் அங்கேதான் பெரிய முதுகெலும்புகளைக் கண்டார். வயது சுமார் 15.5 கோடி ஆண்டுகளிலிருந்து 14.8 கோடி ஆண்டுகள் வரை, அதாவது ஜுராசிக் காலத்தின் கடைசிப் பகுதி. இந்தக் கணக்கு எலும்பிலிருந்து வரவில்லை. மேற்கே வெடித்த எரிமலைகளின் சாம்பல் இந்தச் சமவெளியில் அவ்வப்போது படிந்தது. அந்தச் சாம்பலில் உள்ள சனிடின், சிர்கான் படிகங்களின் கதிரியக்கச் சிதைவை அளந்துதான் வயதைச் சொல்கிறார்கள். சாம்பல் அடுக்கு இல்லாத குழிக்குத் துல்லியமான வயது சொல்வது கடினம்.

அதற்கு முன் அங்கே ஆழமில்லாத ஒரு கடல் இருந்தது. அது வடக்கே பின்வாங்கியதும் மேற்கு மேட்டு நிலங்களிலிருந்து இறங்கிய ஆறுகள் மணலையும் சேற்றையும் பரப்பின. பல இடங்களில் அடுக்கின் தடிமன் 100 மீட்டர் அளவில் இருக்கும். யூட்டா, கொலராடோ பக்கம் கீழ்ப்பகுதியை சால்ட் வாஷ் என்பார்கள், மணற்பாறை மிகுதி. மேல்பகுதி பிரஷி பேசின், பெரும்பாலும் சேற்றுப்பாறை, எரிமலைச் சாம்பல் மக்கி உண்டான பென்டோனைட் களிமண் நிறைந்தது. சிவப்பும் ஊதாவும் பச்சையும் சாம்பலுமாகப் பட்டை பட்டையாகத் தெரிவது இதுதான். அந்த நிறத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சிவப்பு என்றால் அந்த மண் காற்றுப்பட்டு உலர்ந்து கிடந்திருக்கிறது, இரும்பு துருப்பிடித்திருக்கிறது. அங்கே விழுந்த பிணம் வெயிலிலும் புழுபூச்சியிலும் மக்கிப் போயிருக்கும். பச்சை, சாம்பல் நிறம் என்றால் தண்ணீர் தேங்கிய சேறு, ஆக்ஸிஜன் குறைவு, எலும்பு தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். எலும்பு தேடுபவர்கள் பெரும்பாலும் இந்தப் பச்சைச் சேற்றுப்பாறையையும், பழைய ஆற்றுப் படுகையான மணற்பாறை விளிம்பையும் ஒட்டித்தான் நடப்பார்கள்.

காலநிலை அரை வறட்சி. மழைக்காலம் என்று ஒன்று, பிறகு நீண்ட உலர்காலம். ஆற்றோரத்தில் ஊசியிலை மரங்களும் கிங்கோவும், அடியில் பெரணிகளும் குதிரைவால்போல நிமிர்ந்து வளரும் ஈக்விசெட்டம் செடிகளும் சைக்கஸ் வகைகளும். புல் கிடையாது, பூக்கும் செடி கிடையாது. கழுத்து நீண்ட தாவர உண்ணியான டிப்ளோடோகஸைப் பசும்புல்வெளியில் நிறுத்தி வரைந்த படத்தைப் பார்த்தால் தயங்காமல் தவறு என்று சொல்லலாம்.

இனி குழிகள்.

யூட்டாவில் ஜென்சன் ஊருக்கு அருகே உள்ள கார்னகி குழி ஒரு ஆற்றுப் படுகை. 1909 ஆகஸ்ட் 17 அன்று ஏர்ல் டக்ளஸ் அங்கே மணற்பாறை முகட்டில் எட்டு வால் எலும்புகள் வரிசை குலையாமல் நிற்பதைக் கண்டார். அதன்பின் பிட்ஸ்பர்க்கின் கார்னகி அருங்காட்சியகத்துக்குப் போன எலும்பும் பாறையும் சுமார் 350 டன். 1915இல் அது டைனோசர் தேசிய நினைவகம் ஆனது. வறட்சியில் சுருங்கிய ஆற்றை நம்பி வந்து செத்த விலங்குகளை அடுத்து வந்த வெள்ளம் இழுத்துவந்து மணல் திட்டில் ஒதுக்கியது என்பதே பொதுவான விளக்கம். நீண்ட எலும்புகள் ஓட்டத்தின் திசையை ஒட்டிப் படுத்திருப்பது அதற்குப் பொருந்துகிறது. பிற்பாடு பூமி மடிந்ததால் அந்தத் தட்டையான திட்டு இன்று செங்குத்துக்குச் சற்றுக் குறைவான சரிவில் சுவர்போல நிற்கிறது. அதில் சுமார் 1,500 எலும்புகளை எடுக்காமல் பாதி செதுக்கிய நிலையிலேயே விட்டு, மேலே கூரை போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கூரைக்கும் ஒரு கதை உண்டு. 1958இல் திறந்த கண்ணாடிக் கட்டடம் பென்டோனைட் களிமண்மேல் நின்றது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும் மண் அது. சுவர்களும் தரையும் ஆண்டுக்கு ஆண்டு அசைந்து விரிசல் விட, 2006இல் இனி ஆபத்து என்று மூடினார்கள். உப்பாத பாறைவரை அடித்தளத் தூண்களை இறக்கிக் கட்டி 2011இல் மறுபடி திறந்தார்கள். டைனோசரைப் பாதுகாத்துத் தந்த அதே மண்தான் கட்டடத்தைத் தள்ளியது.

யூட்டாவின் இன்னொரு பக்கத்தில் கிளீவ்லண்ட்-லாய்ட் குழி. இங்கே கதை முற்றிலும் வேறு. 12,000க்கு மேல் எலும்பு, குறைந்தது 70 விலங்குகள், அதில் 46க்குக் குறையாமல் அல்லோசாரஸ் என்ற வேட்டை டைனோசர். எந்த நிலத்திலும் இரை விலங்கு அதிகம், வேட்டை விலங்கு குறைவு. இந்தக் குழியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேட்டை விலங்கு. மாட்டிக்கொண்ட இரையைத் தின்ன வந்து அல்லோசாரஸும் சேற்றில் மாட்டியது என்பது பழைய விளக்கம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சேற்றில் கால் புதைந்து செத்திருந்தால் கால் எலும்புகளாவது நின்ற வாக்கில், கோவையாகக் கிடைத்திருக்க வேண்டும். கிடைப்பவையோ மூட்டு பிரிந்து கலந்து கிடக்கின்றன. தின்னக் கூடினவை என்றால் பல் தடம் நிறைய இருக்க வேண்டும். மிகக் குறைவாகவே இருக்கிறது. மீன், ஆமை, முதலை மிச்சங்களும் அரிது. வறட்சியில் செத்த உடல்கள் அவ்வப்போது நிரம்பி வற்றும் ஒரு குட்டைக்கு அடித்துவரப்பட்டு அழுகின, அழுகிய தண்ணீரில் வேறு எதுவும் வாழவில்லை, தின்னவும் எதுவும் வரவில்லை என்ற 2017ஆம் ஆண்டு விளக்கம் எனக்கு இவற்றுக்கெல்லாம் பொருந்தி வருவதாகப் படுகிறது. ஏன் அல்லோசாரஸ் மட்டும் இத்தனை என்பதற்கு அதுவும் முழுப் பதில் தரவில்லை.

மூன்றாவது, கொலராடோவில் ஃப்ரூட்டா ஊருக்கு மேற்கே உள்ள மைகட்-மோர் குழி. 2020இல் வெளியான ஆய்வில் 2,368 எலும்புகளைப் பார்த்ததில் 684இல் கடித்த தடம், கிட்டத்தட்ட 29 சதவீதம். அல்லோசாரஸ் எலும்பிலேயே அல்லோசாரஸ் அளவுப் பல் தடம். பிணங்கள் உடனே புதையாமல் நெடுநாள் வெளியே கிடந்திருக்கின்றன. பசித்த விலங்கு சதை இல்லாத விரல் எலும்பைக்கூட விடவில்லை. ஒரே பாறை அடுக்கு, ஏறத்தாழ ஒரே காலம், மூன்று குழி, மூன்று விதமான சாவு. எலும்பின் எண்ணிக்கையை வைத்து "அன்று இத்தனை விலங்கு வாழ்ந்தது" என்று சொல்வது இதனால்தான் எடுபடுவதில்லை.

வாழ்ந்தவை எவை என்பது ஓரளவு தெளிவு. கழுத்து நீண்ட தாவர உண்ணிகள்தான் இந்த நிலத்தின் அடையாளம்: காமராசாரஸ் (அடிக்கடி கிடைப்பது இதுதான்), டிப்ளோடோகஸ், அபடோசாரஸ், பிரான்டோசாரஸ், பரோசாரஸ், 1900இல் எல்மர் ரிக்ஸ் கிராண்ட் ஜங்ஷன் அருகே எடுத்த பிராக்கியோசாரஸ். பத்து இருபது டன்னும் அதற்கு மேலும் எடையுள்ள இத்தனை வகைகள் ஒரே வறண்ட நிலத்தில் எப்படிப் பிழைத்தன? பல்லைப் பார்த்தால் ஒரு பகுதி விளங்கும். டிப்ளோடோகஸின் பல் பென்சில்போல மெல்லியது, ஒரு பல்லுக்கு 35 நாளில் மாற்றுப் பல் வந்துவிடும். மண்ணும் தூசியும் ஒட்டிய தாழ்ந்த செடிகளை மேய்ந்து வேகமாகத் தேய்த்திருக்கிறது. காமராசாரஸின் பல் அகன்று தடித்தது, மாறுவதற்கு 62 நாள். அது மேலே உள்ள கடினமான இலை, கிளையைக் கடித்தது. பிராக்கியோசாரஸ் அதற்கும் மேலே. காமராசாரஸ் பல் எனாமலின் ஆக்ஸிஜன் ஐசோடோப்புகளை (எடை மாறுபட்ட ஆக்ஸிஜன் அணுக்களை) அளந்து, உலர்காலத்தில் அது சமவெளியை விட்டு 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மேட்டு நிலத்துக்குப் போய்த் திரும்பியது என்று 2011இல் காட்டினார்கள். மேட்டில் குடித்த தண்ணீரும் சமவெளியில் குடித்த தண்ணீரும் பல்லில் வேறு வேறு விகிதத்தைப் பதித்துவிட்டுப் போகின்றன.

வேட்டை விலங்குகளில் அல்லோசாரஸ், செரடோசாரஸ், டோர்வோசாரஸ். முதுகில் தகடு வைத்த ஸ்டெகோசாரஸ் எல்லோருக்கும் தெரியும். சிறியவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை: ஒரு கிலோவுக்கும் குறைந்த ஃப்ரூட்டாடென்ஸ், கறையானைத் தோண்டித் தின்ற ஃப்ரூட்டாஃபோஸர் என்ற கையளவுப் பாலூட்டி. இவை கிடைக்க மண்ணைச் சாக்கில் அள்ளி, நீரில் ஊறவைத்து, நுண்சல்லடையில் அலசி, மிஞ்சியதை லென்ஸுக்கு அடியில் பொறுக்க வேண்டும். 1870களில் பெரும்பாலோருக்கு அந்தப் பொறுமை இல்லை. அன்றைய அமெரிக்கத் தொல்லுயிரியலாளர்களான மார்ஷ், கோப் இருவரும் ஒருவரை ஒருவர் முந்தப் பெரிய எலும்பாகப் பார்த்து அள்ளி, அரைகுறை எலும்புக்கும் பெயர் வைத்துக்கொண்டே போனார்கள். அதன் வினையை இன்னும் அனுபவிக்கிறோம். பிரான்டோசாரஸ் என்ற பெயரை 1903இல் ரிக்ஸ் அபடோசாரஸுக்குள் சேர்த்தார். 2015இல் அதைத் தனிப் பேரினமாக மீட்டார்கள். அதன் தலையும் நெடுநாள் தவறாகவே இருந்தது. கழுத்து நீண்டவற்றின் மண்டையோடு சிறியது, கழுத்தோடு பிடிப்பும் குறைவு, அழுகியதும் முதலில் கழன்று போவது அதுதான். தலையில்லாத உடலுக்கு காமராசாரஸ் தலையை ஒட்டவைத்தார்கள். கார்னகி அருங்காட்சியகத்தின் அபடோசாரஸுக்குச் சரியான தலை ஏறியது 1979இல். இன்றும் இது நடக்கிறது: ஓக்லஹோமாவின் ராட்சத வேட்டை விலங்கு என்று புகழப்பட்ட சாரோஃபகனாக்ஸின் பெயருக்கு ஆதாரமான முதுகெலும்பு, கழுத்து நீண்ட ஒரு தாவர உண்ணியுடையதாக இருக்கலாம் என்று 2024இல் காட்டினார்கள். மிச்ச எலும்புகளுக்கு இப்போது அல்லோசாரஸ் அனாக்ஸ் என்று பெயர்.

எப்படி எடுக்கிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன்.

முதலில் சரிவில் உருண்டு கிடக்கும் துண்டுகளைப் பார்ப்பார்கள். துண்டு கிடக்கும் இடத்தில் தோண்டுவதில்லை. மேல்நோக்கி ஏறிக்கொண்டே போனால் துண்டுகள் எந்த உயரத்தில் நின்றுபோகின்றனவோ அதுதான் எலும்பு வெளிவரும் மட்டம். எலும்பா கல்லா என்பதற்கு லென்ஸில் உடைந்த முகத்தைப் பாருங்கள்: எலும்பில் ஓரம் நெருக்கமாகவும் உள்ளே சல்லடைத் துளைகளாகவும் இருக்கும். நாக்கில் வைத்து ஒட்டுகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம் மாரிசனில் வேண்டாம். இங்குள்ள எலும்பின் துளைகளில் சிலிக்காவோ கால்சைட்டோ நிரம்பியிருந்தால் ஒட்டாது. அதைவிட, நிலத்தடி நீரிலிருந்து யுரேனியத்தை உறிஞ்சிவைத்த எலும்பு இங்கே நிறைய. யுரேனியம் வெட்டியெடுத்த சுரங்கங்களே சால்ட் வாஷ் மணற்பாறையில்தான் இருந்தன.

அந்த யுரேனியம் ஒருமுறை உதவியும் செய்தது. டைனோசர் தேசிய நினைவகத்தில் 1990இல் கண்டெடுத்த ஓர் அல்லோசாரஸுக்குத் தலை இல்லை. உடல் இருந்த பாறைக் கட்டியை வெடிவைத்துப் பிரித்து ஹெலிகாப்டரில் தூக்கிப் போனார்கள், சுமார் 2,700 கிலோ. 1996இல் ரமால் ஜோன்ஸ் என்பவர் கதிர்வீச்சு அளவியை அந்தச் சரிவில் பிடித்துக்கொண்டு நடந்து, மண்ணுக்குள் இருந்த மண்டையோட்டின் இடத்தைச் சொல்லிவிட்டார். 2020இல் அல்லோசாரஸ் ஜிம்மேட்செனி என்று புது இனமாகப் பெயரிட்டது இதற்குத்தான்.

இடம் தெரிந்ததும் ஒரு மீட்டர் சதுரக் கட்டங்களாகக் கயிறு கட்டி, ஒவ்வொரு எலும்பையும் வரைந்து, அதன் திசையையும் சாய்வையும் எழுதுவார்கள். இதைத் தவிர்த்துவிட்டு எலும்பை மட்டும் எடுத்தால் ஆறு எந்தப் பக்கம் ஓடியது, வெள்ளமா குட்டையா என்பதெல்லாம் போய்விடும்.

அடுத்து, எலும்பின் மேல்பக்கத்தையும் ஓரத்தையும் மட்டும் திறப்பது. முழுக்கச் சுத்தம் செய்வது ஆய்வகத்தில்தான். களத்திலேயே முழுதாகத் துடைத்துப் பார்க்கும் ஆசைதான் அதிக எலும்பை உடைத்திருக்கிறது. பென்டோனைட் வெயிலில் காய்ந்து சுருங்கும்போது ஏற்கெனவே விரிசல் விட்ட எலும்பையும் சேர்த்து இழுத்துப் பிளக்கும். ஆகவே வேலை நடக்காத நேரத்தில் மூடிவைக்க வேண்டும். விரிசலுக்கு பாரலாய்டு பி-72 பிசினை அசிட்டோனில் 5 சதவீதம் அளவு கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். கெட்டியாகக் கரைத்தால் மேலேயே படிந்துவிடும், உள்ளே இறங்காது. எலும்பு ஈரமாக இருக்கும்போது விட்டால் வெள்ளை பூத்துப் பிடிப்பில்லாமல் போகும். காயும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

பிறகு எலும்பைச் சுற்றி ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் பாறையை விட்டு அகழி வெட்டி, அடிப்பக்கம் உள்ளே குடைந்துகொண்டு போவார்கள். மேலே அகன்று கீழே ஒடுங்கிய தண்டின்மேல் கட்டி நிற்கும். அதன்மேல் ஈரமாக்கிய மெல்லிய காகிதம் அல்லது அலுமினியத் தாள், இடைவெளி விடாமல். இதை மறந்தால் பிளாஸ்டர் எலும்பைப் பிடித்துக்கொள்ளும், பிரிக்கும்போது மேல்தோலோடு வரும். அதற்குமேல் சாக்குத் துணியைப் பட்டை பட்டையாக வெட்டி, தோசை மாவுப் பதத்தில் கரைத்த பிளாஸ்டரில் முக்கி, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக மூன்று நான்கு அடுக்கு. வெயிலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தால் கை வைப்பதற்குள் இறுகிவிடும், குளிர்ந்த நீர் நல்லது. பெரிய கட்டிக்கு மரச்சட்டங்களையும் சேர்த்துக் கட்ட வேண்டும். பட்டை ஓரத்தோடு நின்றுவிடாமல் குடைந்த அடிப்பக்கத்துக்குள் மடங்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அது மடங்காவிட்டால் புரட்டும்போது உறை கையில் வரும், எலும்பு கீழே கொட்டும்.

புரட்டுவதற்கு முன் உறைமேல் எண், தேதி, வடக்கு அம்பு. தண்டை மெலிதாக்கி ஒரே அசைவில் புரட்டி, அடிப்பக்க மண்ணை முடிந்தவரை சுரண்டிக் குறைத்து, அதையும் மூடுவார்கள். எடையை முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்: பாறை கன மீட்டருக்கு 2.5 டன் என்று வைத்தால், ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம் உள்ள கட்டியே 1,250 கிலோ. வண்டி போகாத சரிவில் அதை இருவர் நகர்த்த முடியாது. அதனால் எங்கே பிரித்தால் எந்த எலும்பும் வெட்டுப்படாது என்று அகழி வெட்டும்போதே தீர்மானிப்பார்கள். ஆய்வகத்தில் காற்றழுத்த ஊசிக் கருவியால் செதுக்குவது இதைவிட நீண்ட வேலை. கழுத்து எலும்புகளுக்குள் காற்றறைகள் இருந்ததால் சுவர்கள் சில இடத்தில் சில மில்லிமீட்டர்தான். ஒரே ஓர் எலும்புக்கு மாதக்கணக்கில் ஆகும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் கூட்டரசு நிலத்தில் முதுகெலும்பு விலங்கின் எலும்பை அனுமதியின்றி எடுப்பது 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், நகம் அளவுத் துண்டும் சேர்த்து. நில மேலாண்மைத் துறை நிலத்தில் கல்லான மரத்தைச் சொந்தத் தேவைக்கு நாளைக்கு 25 பவுண்டு, ஆண்டுக்கு 250 பவுண்டு வரை எடுக்கலாம். தேசியப் பூங்காக்களில் அதுவும் கூடாது. தனியார் நிலத்தில் எலும்பு நிலக்காரருடையது. 2022இல் தனியார் நிலத்தில் கிடைத்த ஏபெக்ஸ் என்ற ஸ்டெகோசாரஸ் 2024 ஜூலையில் சோத்பீஸ் ஏலத்தில் 4.46 கோடி டாலருக்குப் போனது. எல்லைக்கோடு எங்கே என்பதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் 1991இல் வயோமிங்கின் ஷெல் அருகே கிடைத்த பிக் ஆல். வணிக நோக்கில் தோண்டிய சுவிஸ் குழு கண்டெடுத்த இடம் கூட்டரசு நிலம் என்று தெரியவர, வேலை அரசின் கைக்குப் போய் அருங்காட்சியகக் குழுக்கள் எடுத்து முடித்தன. சுமார் 95 சதவீதம் முழுமையான அந்த அல்லோசாரஸில் 19 எலும்புகளில் முறிவோ சீழ்பிடித்த தழும்போ உண்டு. ஏலத்துக்குப் போயிருந்தால் அதை யார் படித்திருப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

நேரில் பார்ப்பதானால் ஒரே ஓர் இடம் என்றால் ஜென்சன் அருகே உள்ள கார்னகி குழிச் சுவர். அங்கே குறித்த இடங்களில் எலும்பைத் தொட்டும் பார்க்கலாம். கிளீவ்லண்ட்-லாய்டுக்கு மண்பாதை, ஆண்டு முழுதும் திறப்பதில்லை. மழை பெய்த மறுநாள் அந்தப் பக்கம் போகாதீர்கள், பென்டோனைட் சேறு சக்கரத்தில் அப்பிக்கொண்டால் வண்டி நகராது. டென்வரிலிருந்து அரை நாள் மட்டும் கிடைத்தால் மாரிசன் ஊரை ஒட்டிய டைனோசர் ரிட்ஜ் போதும். குன்றின் மேற்குப் பக்கத்தில் பழுப்பு மணற்பாறையில் பதிந்த எலும்புகள் மாரிசன் அடுக்கைச் சேர்ந்தவை. கிழக்குப் பக்கத்துக் கால்தடங்கள் டகோட்டா மணற்பாறையில் உள்ளவை, கிரெட்டேசியஸ் காலத்தவை, எலும்புகளைவிட நாலைந்து கோடி ஆண்டு இளையவை. அந்தத் தடங்களைப் படமெடுத்து அல்லோசாரஸ் தடம் என்று போடாதீர்கள்.